சளியில் ரத்தம்: காரணம் என்னவென்று கேட்போம்

(சென்னை நொச்சிக்குப்பத்தில் மீனவர்களும், கட்டிடக் கூலிகளும், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் வாசகம். ஆலைத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் பயன்படக்கூடியது என்பதால் இங்கே தருகிறோம்.)



இருமும்போது ரத்தம் வருகிறது. சளியில் சிவப்புக் கோடு போல் வரலாம். ஒரு ஸ்பூன் வரலாம். ஒரு டம்ளரும் வரலாம். அதைக் கண்ட மனிதர் என்ன செய்கிறார்? அநேகமாக மூன்றில் ஒன்றைச் செய்கிறார்.

ஒருவர் மறைத்துவிடுகிறார். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், "டி.பி. குடும்பம்" என்று பெயர் வந்துவிட்டால் என்ன ஆவது என்று பயப்படுகிறார். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்றும் பயப்படுகிறார். துப்பியதன் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மறுநாளும் வேலைக்குப் போகிறார்.

இன்னொருவர் "உடம்புச் சூடு" என்கிறார். இளநீர் குடிக்கிறார், மோர் குடிக்கிறார், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார். ரத்தம் தானாகவே இரண்டு நாளில் நின்றுவிடுகிறது. சூடு தணிந்தது என்று நிம்மதி அடைகிறார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வருகிறது.

மூன்றாமவர் முன்பே ஒரு தடவை காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்தவர். ரத்தத்தைப் பார்த்ததும், "பழைய டி.பி. திரும்பிவிட்டது" என்று தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார். அவருடைய சளியைப் பரிசோதிக்காமலேயே திரும்பவும் அதே மாத்திரையை எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு.

மூன்று பேரும் மூன்று வழியில் போனாலும், விட்டுவிட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ரத்தத்துக்குக் காரணம் என்ன? அந்தக் கேள்வியைக் கேட்கவும், அதற்குச் சரியான பதில் கிடைக்கும் வரை விடாமல் இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் சாரம். ரத்தம் நோயின் பெயர் அல்ல. அது ஒரு அடையாளம். புகை தெரிகிறது என்றால், எந்த வீட்டில் தீ என்று பார்த்துத்தானே தண்ணீர் ஊற்ற வேண்டும்?

ரத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலில், அது நுரையீரலிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல் ஈறிலிருந்து கசியும் ரத்தம் எச்சிலோடு வரும். மூக்கிலிருந்து வழியும் ரத்தம் தொண்டைக்கு இறங்கி, காலையில் காறும்போது வெளியே வரும். வயிற்றுப் புண்ணிலிருந்து வரும் ரத்தம் வாந்தியாக வரும். அநேகமாகக் காப்பித் தூள் போலக் கறுத்து, சோற்றுப் பருக்கையோடு கலந்து, புளித்த வாடையுடன் இருக்கும். நுரையீரலிலிருந்து வருவது இருமலோடு வரும். பளிச்சென்ற சிவப்பாக, நுரைத்து, சளியோடு கலந்திருக்கும். வெற்றிலை போடுகிற தாய்மார்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு இருமிப் பாருங்கள். வெற்றிலைச் சாற்றைக் கண்டு வீணாகப் பயந்தவர்களும் உண்டு. ரத்தத்தை வெற்றிலைச் சாறு என்று எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு.

இரண்டாவதாக, நுரையீரலில் ரத்தம் ஓடும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நம் நுரையீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் போகிறது. ஒன்று, இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து காற்றை வாங்கிக்கொள்ளப் போகும் பெரிய ஓட்டம். இதில் அழுத்தம் குறைவு. மற்றொன்று, மூச்சுக்குழல்களின் சுவருக்கே ஊட்டம் கொடுக்கப் போகும் சிறு குழாய்கள். இவை உடலின் பெரிய தமனியிலிருந்து கிளம்புகின்றன. ஆகவே அழுத்தம் அதிகம். நுரையீரலில் ஒரு புண் பல மாதம், பல வருஷம் ஆறாமல் இருந்தால், இந்தச் சிறு குழாய்கள் பருத்து, முறுக்கிக்கொண்டு, மெலிந்த சுவருடன் வளர்ந்துவிடுகின்றன. பலமாக ஒரு இருமல் வந்தால் போதும், எங்கோ ஒரு இடத்தில் வெடித்துவிடும். ஏராளமாக ரத்தம் வருகிற கேஸ்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ரத்தம் வருவது இந்த இரண்டாவது வழியிலிருந்துதான். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ரத்தம் வருவதன் அடிப்படைக் காரணம் இதுவே. கிருமி உயிரோடு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பழைய தழும்பே போதும். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

முதல் சந்தேகம் காசநோய்தான்

நம் நாட்டில் சளியில் ரத்தம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோயைத்தான். உலகிலுள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடைக் குறைவு, பசியின்மை, இவற்றோடு ரத்தமும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. 1882-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானி இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் கிருமியைக் கொல்லும் முதல் நல்ல மருந்தான ஸ்டிரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஏழைகள் கைக்கு எட்டுவதற்கு மேலும் பல வருஷங்கள் ஆயின. நமது சிறுகதை மன்னன் புதுமைப்பித்தன் 1948-ல், 42-வது வயதில், இந்த நோய்க்குத்தான் பலியானார்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு பெரிய காரியம் நம்முடைய சென்னை நகரத்தில் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். இன்று அதுவே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்போது உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை என்ன? காசநோயாளியை மலைக்காற்றும் ஓய்வும் முட்டையும் பாலும் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தால்தான் குணமாகும் என்பதே. படுக்கையோ சில ஆயிரம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கை கிடைக்காத ஏழை சாக வேண்டியதுதானா? இந்தக் கேள்விக்குத்தான் அந்த நிலையம் பதில் தேடியது. சளியில் கிருமி இருந்த சென்னை நகர ஏழைகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றப் பிரிவை, நெருக்கடியான அவர்கள் வீடுகளிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனால் 1959-ல் வெளிவந்த முடிவு என்ன? ஒரு வருஷ மருந்துக்குப் பின் இரண்டு பிரிவுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது! வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது, நம் நகரத்தின் ஒண்டுக் குடித்தனங்களில் பிறந்த இந்த உண்மை.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? காசநோய் என்று தெரிந்தால் ஒளிய வேண்டியதில்லை. ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டியதுமில்லை. நோய் தட்டால் பரவுவதில்லை, இருமும்போது வரும் காற்றால் பரவுகிறது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் தொற்றும் சக்தி விரைவில் குறைகிறது. அன்று ஒரு வருஷம் எடுத்த சிகிச்சை, மருந்துக்கு அடங்குகிற சாதாரணக் காசத்துக்கு இன்று ஆறு மாதம்தான். பரிசோதனையும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கிய உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இது நோயாளியின் பாங்குக் கணக்கில் சேர வேண்டிய பணம். கேட்டு வாங்குங்கள்.

காசம் குணமான பிறகும் ரத்தம் வருமா?

வரும். நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் மருந்து சாப்பிட்டதும் கிருமி சாகிறது. ஆனால் கிருமி அரித்த இடம் பழையபடி ஆகிவிடுவதில்லை. மூட்டை தூக்கியவன் முதுகில் காய்ப்புத் தங்கிவிடுவது போல, நுரையீரலில் தழும்பு தங்குகிறது. அந்தத் தழும்பு மூன்று விதமாக ரத்தம் வர வைக்கும்.

ஒன்று, மூச்சுக்குழல் விரிவு. தழும்பு சுருங்கும்போது பக்கத்திலுள்ள மூச்சுக்குழல்களை இழுத்து விரித்துவிடுகிறது. விரிந்த குழல் தன் சளியைத் தானே வெளியே தள்ள முடிவதில்லை. குட்டையில் தேங்கிய நீர் போல் சளி தேங்கி, சீழ் பிடிக்கிறது. தினமும் காலையில் மஞ்சளாகவோ பச்சையாகவோ நிறையச் சளி வரும். சிலருக்கு நாற்றம் அடிக்கும். அவ்வப்போது ரத்தமும் வரும். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக் என்ற பிரெஞ்சு டாக்டர் 1819-லேயே இந்த நோயை வர்ணித்துவிட்டார். இதற்குக் காசநோய் மாத்திரை பயன்படாது. சீழ்க் கிருமிக்கு ஏற்ற மருந்து வேண்டும். சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி வேண்டும்.

இரண்டு, பூஞ்சைப் பந்து. காசம் அரித்த இடத்தில் பொந்து தங்கியிருக்கும். காற்றிலும் வைக்கோலிலும் ஈரச் சுவரிலும் இருக்கிற ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக் காளான் அந்தப் பொந்தில் குடியேறி, நூல் உருண்டை மாதிரி வளர்கிறது. நூற்பாலைத் தோழர்களுக்கு இது உடனே புரியும். கழிவுப் பஞ்சு ஒரு மூலையில் திரண்டு உருளுவது போல் பொந்துக்குள் அது உருண்டுகொண்டிருக்கும். பொந்தின் சுவரிலுள்ள பருத்த ரத்தக் குழாய் உராய்ந்து கிழியும். சில சமயம் பெரும் ரத்தமாகவே வரும். எக்ஸ்ரே படத்தில் பந்தின் மேல் பிறை நிலா போல் ஒரு காற்று வளையம் தெரிவதுண்டு. காசநோய் மாத்திரையைப் பத்து வருஷம் சாப்பிட்டாலும் பூஞ்சை சாகாது. அதற்கு வேறு மருந்து. சிலருக்கு அறுவைச் சிகிச்சை.

மூன்று, பொந்தின் சுவரில் ஓடும் ரத்தக் குழாய் பலவீனமாகி, சைக்கிள் டியூப் ஓரிடத்தில் வீங்குவது போல் வீங்குவது. 1868-ல் டென்மார்க் நாட்டு டாக்டர் ராஸ்முசென் இதை விளக்கினார். இது அபூர்வம், ஆனால் வெடித்தால் ஆபத்து.

பழைய காசம் உண்மையிலேயே திரும்புவதும் உண்டு. மருந்தைப் பாதியில் நிறுத்தியவருக்கு, மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் திரும்பலாம். ஆகவே ரத்தம் வந்தவுடன் "பழைய தழும்புதான்" என்று அலட்சியமாக இருப்பதும் தவறு; "மறுபடி டி.பி.தான்" என்று மாத்திரையை எடுப்பதும் தவறு. பரிசோதனை ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

வேறு என்ன காரணங்கள்?

நுரையீரல் புற்றுநோய். நாற்பது வயதுக்கு மேற்பட்ட, பல வருஷமாகப் பீடியோ சிகரெட்டோ குடிக்கும் ஒருவருக்குச் சளியில் ஒரு கோடு ரத்தம் வந்தாலும், புற்றுநோய் இல்லை என்று நிரூபிக்கும் வரை விடக்கூடாது. எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்துவிட்டு, சளியில் கிருமி இல்லாமலே காசநோய் மருந்து கொடுத்து மாதங்களைக் கழிப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் விபரீதம். கத்தி வைத்து எடுக்கக்கூடிய கட்டி, அந்த மாதங்களில் எடுக்க முடியாததாகிவிடுகிறது. குரல் கம்மிப் போவது, தோள்பட்டை வலி, விரல் நுனி பருப்பது ஆகியவற்றையும் கவனியுங்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த புற்றுநோய் நிலையம் இங்கிருந்து சில மைல் தூரத்தில் அடையாறில் இருக்கிறது.

நாள்பட்ட சளி இருமல். பீடிப் புகையும், விறகு அடுப்புப் புகையும், தூசும் மூச்சுக்குழலைப் புண்ணாக்குகின்றன. பலமாக இருமும்போது சிறிது ரத்தம் வரலாம். ஆனால் மற்ற காரணங்களைத் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

இதயம். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து, அதனால் இதய வால்வு சுருங்கிப் போனவர்கள் ஏழைகளில் அதிகம். அவர்களில் இளம் பெண்கள் அதிகம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படபடக்கும், படுத்தால் இருமல் வரும், ரத்தமும் வரும். இது நெஞ்சு நோய்தான். ஆனால் நுரையீரல் நோய் அல்ல. இந்தத் தாய்மார்களுக்குக் காசநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டு இதய நோயைக் கவனிக்காமல் விட்டால் பிரசவ சமயத்தில் உயிருக்கே அபாயம் நேரலாம். இதய ஸ்கேன் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

எலிக்காய்ச்சல். வயல் சேற்றிலும் வெள்ளத்திலும் நிற்கும் விவசாயத் தொழிலாளருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும், திடீரென்று கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு அல்லது மஞ்சள், இவற்றோடு ரத்தம் வந்தால் இதையும் நினைக்க வேண்டும். இது நாள்பட்ட நோய் அல்ல, மணிக்கணக்கில் முற்றும்.

இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மில் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பஞ்சுத் தூசு நோய் உண்மையான தொழில் நோய். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவதும் மூச்சுத் திணறுவதும் அதன் அடையாளம். ஆனால் பஞ்சுத் தூசு மட்டும் சாதாரணமாக ரத்தம் வர வைப்பதில்லை. ஆகவே "மில்லில் வேலை செய்தால் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கல் உடைக்கும் தோழர்களுக்கு விஷயம் வேறு. கல் தூசு படிந்த நுரையீரலைக் காசநோய் பல மடங்கு எளிதாகப் பிடிக்கிறது.

காரணத்தைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மணிப்பூர் ஒரு உதாரணம். அங்கே சளியில் ரத்தத்தோடு வந்த பலருக்குக் காசநோய் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், குணமாகவில்லை. 1980-களில் சளியைக் கவனமாக நுண்கருவியில் பார்த்தபோது, அதில் ஒரு புழுவின் முட்டைகள் தெரிந்தன. சரியாக வேகாத ஆற்று நண்டைச் சாப்பிட்டதால் நுரையீரலில் குடியேறிய புழு! அதற்குரிய மாத்திரை கொடுத்ததும் குணமானார்கள். கவலை வேண்டாம், இது ஆற்று நண்டு, ஓடை நண்டு விஷயம். நம் கடல் நண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சளியை உண்மையாகவே பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எந்த வரிசையில் பரிசோதனை?

முதலில் விசாரணை. எவ்வளவு ரத்தம், எத்தனை நாளாக, முன்பு காசநோய் மருந்து சாப்பிட்டதுண்டா, முழுவதும் சாப்பிட்டீர்களா, பீடி உண்டா, என்ன வேலை, சர்க்கரை வியாதி உண்டா? இதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். நல்ல விசாரணையே பாதி வைத்தியம்.

பிறகு சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். சளி என்றால் எச்சில் அல்ல. ஆழமாக மூச்சை இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்த கோழை. விடியற்காலையில் எழுந்தவுடன் எடுப்பது சிறந்தது. நுண்கருவியில் கிருமி தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி லிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். ஆகவே நுண்கருவியில் தெரியவில்லை என்றால் கிருமியே இல்லை என்று அர்த்தமில்லை. இன்று ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் என்ற கருவிகள் இருக்கின்றன. அவை கிருமியின் மரபணுவையே தேடுகின்றன. சில மணி நேரத்தில் முடிவு சொல்லும். ரிபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்குக் கிருமி அடங்குமா என்றும் சொல்லும்.

ஆனால் முன்பு காசம் வந்து குணமானவர்களுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. செத்த கிருமியின் மிச்சம் நுரையீரலில் தங்கியிருந்தால், கருவி அதையும் "இருக்கிறது" என்று காட்டிவிடலாம். உயிருள்ள கிருமியா என்று தெரிய, சளியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். செத்த கிருமி வளராது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். பழைய நோயாளிகள் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

எக்ஸ்ரே விஷயத்தில் ஒரு வேண்டுகோள். பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வையுங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்திய படத்தில் இருந்த அதே நிழல் இன்றும் அப்படியே இருந்தால், அது தழும்பு. புதிதாக முளைத்திருந்தால், அது புது வியாதி. பழைய படம் ஒன்று கையில் இருந்தால் டாக்டருக்கு அது பெரிய சாட்சி. கைபேசியில் படத்தை அனுப்புகிற காலம் இது. காப்பி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றால் காரணம் தெரியவில்லை என்றால் சி.டி. ஸ்கேன். மூச்சுக்குழல் விரிவும், பூஞ்சைப் பந்தும், சிறு கட்டியும் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். ஸ்கேனில் அநேகமாகத் தெரியும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதாலேயே பீடி குடிக்கும் வயதானவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. பூஞ்சை என்று சந்தேகம் இருந்தால் அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை உண்டு. கடைசியாக, மூச்சுக்குழலுக்குள் மெல்லிய குழாய்க் கருவியை விட்டு நேரில் பார்ப்பது. எந்தப் பக்கத்திலிருந்து ரத்தம் வருகிறது என்றும் தெரியும், சந்தேகமான இடத்திலிருந்து சதைத் துணுக்கும் எடுக்கலாம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மரத்துப் போக மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. இருமலுக்கென்று மருந்துக் கடையில் நாமாகவே லெவோபிளாக்சசின் போன்ற மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடக் கூடாது. அந்த மாத்திரை காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். இருமல் குறையும், கிருமி ஒளிந்துகொள்ளும், கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகும்.

எப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது?

நம் மூச்சுக்குழல்கள் எல்லாம் சேர்ந்து கொள்ளும் அளவு சுமார் 150 மில்லி லிட்டர்தான். அதாவது ஒரு சிறு டம்ளர். உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறதே என்று எண்ணக்கூடாது. பெரும் ரத்தம் வந்து இறப்பவர் ரத்தம் குறைந்து இறப்பதில்லை. கரையிலேயே மூழ்குவது போல், மூச்சுக்குழல் அடைத்து இறக்கிறார். ஆகவே ஒரே தடவையில் அரை டம்ளருக்கு மேல் வந்தாலும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப வந்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வண்டி வரும் வரை நோயாளியை மல்லாந்து படுக்க வைக்காதீர்கள். எந்தப் பக்க நுரையீரலில் நோய் என்று முன்பே தெரிந்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் வழியாமல் இருக்கும். தெரியாவிட்டால் முன்னால் சாய்ந்து உட்காரட்டும். ரத்தத்தை விழுங்காமல் துப்பட்டும். ஒரு பாத்திரத்தில் பிடித்து வையுங்கள்; அளவு தெரியும். சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கசியும் குழாயைத் தொடை வழியாகவோ கை வழியாகவோ நுண்குழாய் செலுத்தி அடைக்கும் சிகிச்சை உண்டு. 1970-களில் பிரான்சில் தொடங்கிய இந்த முறை இன்று நம் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. ரத்தம் நின்றதும் வேலை முடிந்துவிடவில்லை. காரணத்தைத் தேடும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

தவறு யாருடையது?

"ஏழைகளுக்கு அறியாமை, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. இது எவ்வளவு தூரம் சரி? 1963-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. பெங்களூர் தேசிய காசநோய் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் காசநோயாளிகளைத் தேடிப் போய் விசாரித்தார்கள். தெரிந்தது என்ன? நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தமக்கு ஏதோ நோய் என்று உணர்ந்தே இருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் சிகிச்சை தேடி ஆஸ்பத்திரிக்குப் போயும் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியை யாரும் கேட்கவில்லை!

அறுபது வருஷம் கடந்துவிட்டது. கருவிகள் மாறிவிட்டன, சிகிச்சை மாறிவிட்டது. ஆனால் இருமல் மருந்து பாட்டிலோடு திரும்பி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடியற்காலை வலை இழுத்துக் கரைக்கு வந்து, மீனை விற்றுவிட்டுப் போவதற்குள் வெளி நோயாளி நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு நாள் சளிக்கு, ஒரு நாள் எக்ஸ்ரேக்கு, ஒரு நாள் முடிவுக்கு என்று அலைய வைத்தால், மூன்று நாள் கூலி போகிறது. கூலி போனால் அடுப்பு எரியாது. ஆகவே மூன்றாவது நாள் அவர் போவதில்லை. இதை அறியாமை என்று சொல்லுவது நியாயமா? சளியும் எக்ஸ்ரேயும் ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும் என்பது நம் நியாயமான கோரிக்கை.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு சங்கத்திலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார் என்று நமக்குத் தெரியும். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஒருவர் கூடப் போங்கள். நொச்சிக்குப்பத்துக்கு ராயப்பேட்டை ஆஸ்பத்திரி பக்கம். நாள்பட்ட நெஞ்சு நோய்க்குத் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய அது இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மில் தோழர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு.

போகும்போது மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

என் சளியில் உயிருள்ள காசநோய்க் கிருமி இருக்கிறதா?

இருந்தால், அது எந்த மருந்துக்கு அடங்கும்?

இல்லையென்றால், இந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது?

மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டரை எதிர்ப்பதும் ஆகாது; நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளைக் கேட்பவரை விரும்புவார். நம் உழைப்புக்கு மூலதனம் இந்த இரண்டு நுரையீரல்கள்தான். அதில் கசிவு கண்டால், படகில் தண்ணீர் ஏறும்போது எந்தப் பலகையில் ஓட்டை என்று தேடுவது போலத் தேடுவோம். தேடிக் கண்டுபிடித்து அடைப்போம்.